உயர்ரக உள்ளரங்குத் துணிகள்: இழை, சாயம், மேற்பூச்சு – எதில் கவனம் வைப்பது?

நீங்கள் கேட்டது மூன்று கேள்விகள். ஆர்கானிக் பருத்தி, மூங்கில் துணி, மறுசுழற்சி பாலியஸ்டர் ஆகியவற்றில் சொகுசு வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் எது சுற்றுச்சூழலுக்கு உகந்தது. இயற்கைச் சாயம் தாக்குப்பிடிக்குமா. சான்றிதழ்களை எவ்வளவு தூரம் நம்பலாம். ஆனால் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள்: முந்தைய வேலையில் போட்ட "பசுமை" சோபா துணி இரண்டே வருடத்தில் நைந்துபோய், மொத்தமாக மாற்ற வேண்டியதாகிவிட்டது என்று. உண்மையான கேள்வி அதுதான். இரண்டு வருடத்தில் குப்பைக்குப் போகும் துணி எந்த இழையில் நெய்யப்பட்டிருந்தாலும், அதற்குச் செலவான தண்ணீரும் சாயமும் எரிபொருளும் வீண். அதனால் இழைகளுக்கு மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் எந்தத் துணி பதினைந்து வருடம் கண்ணுக்கும் கைக்கும் சலிக்காமல் இருக்கும் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

துணிக்கு எதிரி இடத்துக்கு இடம் மாறும். சோபா இருக்கையில் உராய்வு, வியர்வை, உடல் எண்ணெய். சன்னல் திரையில் வெயில். தரைவிரிப்பில் மிதிபடுவதும் மணலும். சுவரில் பதிக்கும் துணிக்கும் கட்டிலின் தலைப்பலகைக்கும் தூசியைத் தவிரப் பெரிய எதிரி கிடையாது. பட்டு, மெல்லிய லினன், தளர்வான கைநெசவு, கை எம்பிராய்டரி ஆகியவற்றை அந்தக் கடைசி இடத்துக்கு ஒதுக்கினாலே பாதிப் பிரச்சினை வராது. ஆர்கானிக் பருத்தி என்ற ஒரே காரணத்துக்காக அதை இருக்கையில் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஆர்கானிக் என்ற அடையாளம் வயலில் நடந்ததைச் சொல்கிறது. நூலின் முறுக்கு, நெசவின் நெருக்கம், பாவு நூலின் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) உறுதி பற்றி அதில் ஒரு தகவலும் இல்லை.

இருக்கைத் துணிக்குக் கேட்க வேண்டிய முதல் எண் தேய்மானச் சோதனை எண். மார்ட்டின்டேல் சோதனையில் (ஐஎஸ்ஓ 12947) வட்டமாக வெட்டிய துணியை, இருக்கைத் துணி என்றால் 12 கிலோபாஸ்கல் அழுத்தத்தில், தரப்படுத்தப்பட்ட கம்பளித் துணியின்மேல் பல திசைகளில் தேய்ப்பார்கள். நெய்த துணியில் இரண்டு நூல்கள் அறுந்ததும் எண்ணிக்கை நிற்கும். வீட்டுச் சோபாவுக்கு 25,000 தேய்ப்பு போதும். ஓட்டல் வரவேற்பறைக்கு 40,000 கேளுங்கள். அமெரிக்க ஆலைகள் தரும் வைசன்பீக் எண் வேறு: அது பாவு வழியாகவும் ஊடை (குறுக்கு நூல்) வழியாகவும் முன்னும் பின்னும் தேய்க்கும் சோதனை. ஒன்றை ஒரு எண்ணால் பெருக்கி மற்றதாக மாற்ற முடியாது. மாற்றித் தரும் விற்பனையாளரிடம் அசல் அறிக்கையைக் கேளுங்கள். வைசன்பீக்கில் 1,00,000 இரட்டைத் தேய்ப்புக்கு மேல் போகும் எண்ணுக்கும் துணியின் கூடுதல் ஆயுளுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் மூன்று லட்சத்துக்கு மயங்க வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரும்பாலான சோபா துணிகள் தேய்ந்து ஓட்டையாகித் தோற்பதில்லை. தையலோரத்தில் நூல் விலகிப் பல் இளிக்கும், மேற்பரப்பில் பிசிறு உருண்டைகள் கட்டும், கைப்பிடியில் அழுக்கேறிப் பளபளக்கும். எனவே தேய்மான எண்ணோடு தையல் விலகல் சோதனையும் (ஐஎஸ்ஓ 13936-2) பில்லிங் (பிசிறு உருண்டை) சோதனையும் (ஐஎஸ்ஓ 12945-2) சேர்த்துக் கேளுங்கள். பில்லிங் மதிப்பு 5-க்கு 4-க்குக் குறைந்தால் இருக்கைக்கு வேண்டாம். கட்டமைப்பு பற்றி ஒரு நடைமுறைக் கணக்கு: ஜக்கார்டில் (டிசைனைத் தறியிலேயே நெய்த துணி) மேலே மிதக்கும் நூல் 4-5 மில்லிமீட்டரைத் தாண்டினால் மோதிரத்திலும் பூனை நகத்திலும் மாட்டும். நீளமான மிதவை வேண்டிய டிசைனை மெத்தையின் முதுகுப்புறத்துக்கோ திரைக்கோ கொண்டுபோங்கள்.

இருக்கைக்கு எது என்று ஒரே வார்த்தையில் கேட்டால் என் பதில் கம்பளி. இரண்டு புரி முறுக்கிய வொர்ஸ்டெட் (சீவி ஒழுங்குபடுத்திய நீள இழை) நூலில், சதுர மீட்டருக்கு 400 கிராமுக்கு மேல் நெய்த துணி. வெல்வெட் வேண்டுமென்றால் மொஹேர் (அங்கோரா ஆட்டு முடி). கம்பளி இழை தன் எடையில் சுமார் 16 சதவீதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அப்போதும் தொட்டால் ஈரம் தெரியாது. பாலியஸ்டருக்கு அந்த அளவு 0.4 சதவீதம். வெப்ப நாட்களில் பாலியஸ்டர் சோபா ஏன் புழுங்குகிறது என்பதற்கு விளக்கம் இதுதான். கசங்கினாலும் கம்பளி இழை தானே நிமிரும். சிந்திய திரவம் உடனே உள்ளே போகாது. டேனிஷ் வடிவமைப்பாளர் நானா டிட்செல் 1965-இல் வடிவமைத்த ஹாலிங்டால் துணி இன்றும் தயாரிப்பில் இருக்கிறது: 70 சதவீதம் கம்பளி, 30 சதவீதம் விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து எடுக்கும் இழை), மார்ட்டின்டேல் 1,00,000. கலப்பு இழை மறுசுழற்சிக்கு ஆகாது என்ற விதிப்படி பார்த்தால் அது தேர்வில் தோற்க வேண்டும். ஆனால் ஆறு பத்தாண்டுகள் பழசாகாத வடிவமைப்பை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். ஒற்றை இழை விதியை ஆயுள் குறைந்த பொருட்களுக்கு, உதாரணமாக ஓட்டல் குஷன்களுக்கு, கறாராகப் பிடியுங்கள். நீண்ட ஆயுளுக்குக் கலப்பு உதவும் இடத்தில் தளர்த்துங்கள்.

கம்பளிக்கு உள்ள ஒரே பெரிய தொல்லை அந்துப்பூச்சி. அதன் புழு கெரட்டின் என்ற புரதத்தைத் தின்கிறது. அதிலும் இருட்டான, அழுக்கான, அசையாத இடம் அதற்குப் பிடித்தமானது. பல ஆலைகள் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியை ஏற்றி அனுப்பும். அது மீன் முதலான நீர்வாழ் உயிர்களுக்குக் கொடிய நஞ்சு. சோபாவுக்குப் பின்னாலும் அடியிலும் மாதம் ஒரு முறை வாக்குவம் போட்டால் பெரும்பாலும் தேவைப்படாது. பூச்சி வந்துவிட்ட குஷன் உறையைப் பையில் கட்டி, −18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும்.

லினன் பற்றி ஒரு எச்சரிக்கை. பார்க்க அழகு, வளர்ப்பதற்கு அதிக நீர்ப்பாசனமும் வேண்டாம். ஆனால் இழைக்கு நெகிழ்ச்சி இல்லை. மடிப்பு விழும் விளிம்பில் முறியும். சோபா கையின் முனை, குஷனின் பைப்பிங் ஓரம் இரண்டிலும் முதலில் நையும். திரையில் லினன் ஈரப்பதத்துக்கு ஏற்ப நீளும், சுருங்கும். மூன்று மீட்டர் திரையில் சில சென்டிமீட்டர் மாற்றம் சாதாரணம். தைத்து அனுப்பிய அன்றே தரையை உரசும்படி அளவெடுத்தால் மழைக்காலத்தில் திட்டு உங்களுக்குத்தான். மேலே மாட்டி இரண்டு வாரம் தொங்கவிட்டு, பிறகு அடி மடிப்பைத் தையுங்கள். மடிப்பில் 15 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கட்டும்.

மூங்கில், மறுசுழற்சி பாலியஸ்டர் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். மென்மையாகப் பளபளக்கும் "மூங்கில் துணி" ஏறக்குறைய எப்போதும் விஸ்கோஸ். மூங்கில் கூழைக் கார்பன் டைசல்பைடு போன்ற வேதிப்பொருட்களால் கரைத்து எடுத்த இழை அது. அமெரிக்க வர்த்தக ஆணையம் அதை மூங்கில் என்று மட்டும் எழுத விடுவதில்லை, மூங்கிலில் இருந்து செய்த ரேயான் என்று எழுத வேண்டும். "மூங்கில் பட்டு" தரைவிரிப்பும் இதே சரக்குதான். விஸ்கோஸ் நனைந்தால் வலுவில் பாதியைக்கூட இழக்கும். தண்ணீர் சிந்திய இடத்தில் விரிப்பின் மேல்நூல் படுத்துக்கொண்டு திரும்ப எழாது. அதே மினுமினுப்பு வேண்டும் என்றால் லயோசெல் கேளுங்கள், அதுவும் மரக்கூழ் இழைதான். அதில் பயன்படும் கரைப்பானில் 99 சதவீதத்துக்கு மேல் மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். மறுசுழற்சி பாலியஸ்டர் பெரும்பாலும் பழைய துணியிலிருந்து வருவதில்லை, தண்ணீர் பாட்டிலிலிருந்து வருகிறது. பாட்டில் மறுபடி பாட்டிலாகியிருக்கலாம். துணியானபின் அந்தச் சுழற்சி அநேகமாக அங்கேயே முடிகிறது. புது பாலியஸ்டரைவிட மேல்தான், சந்தேகமில்லை. கம்பளியின் இடத்தில் அதை வைப்பதற்கு அது காரணமாகாது.

திரைச்சீலைக்கு வருவோம். சாதாரண சன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் குறுகிய அலைகளைத் தடுக்கும், நீண்ட அலைகளை (யுவி-ஏ) விட்டுவிடும். சாயத்தை வெளுப்பதற்கும் பட்டைப் பொடியாக்குவதற்கும் அது போதும். பட்டுத்திரை எப்போதும் மடிப்பின் முகட்டில்தான் கிழியும், ஏனென்றால் வெயில் அங்கேதான் நேராக விழுகிறது. பட்டு கட்டாயம் வேண்டுமென்றால் பின்னால் நெருக்கமான பருத்தி லைனிங்கும் நடுவில் இன்டர்லைனிங்கும் வையுங்கள், சன்னல் பக்க ஓரத்தை லைனிங் துணியால் 5 சென்டிமீட்டர் மடக்கித் தையுங்கள். நிறத்துக்கு ஐஎஸ்ஓ 105-பி02 அறிக்கையில் ப்ளூ வுல் எண் இருக்கும், 1 முதல் 8 வரை. ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வெளிச்சத்தைத் தாங்கும். திரைக்கு 5-க்குக் கீழே வேண்டாம், வெயில் நேராக விழும் சன்னலுக்கு 6.

இனி இயற்கைச் சாயம். தாங்குமா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை, சாயத்துக்குச் சாயம் வேறு. நீலம் தரும் அவுரியும் சிவப்பு தரும் மஞ்சிட்டி வேரும் நன்றாகச் செய்தால் நல்ல நிலைப்பு உள்ளவை. மஞ்சளும் குசும்பாவும் பீட்ரூட்டும் வெளிச்சத்தில் சில வாரங்களில் ஓடிவிடும். இவற்றை உள்ளரங்குத் துணியில் தொடவே வேண்டாம். கம்பளியில் மஞ்சிட்டிச் சிவப்புக்கு அடிப்படை முறை இது: நூலை மிதமான சோப்பில் 60 டிகிரியில் அலசி எண்ணெய்ப்பசை போக்குங்கள். நூலின் எடையில் 12 முதல் 15 சதவீதம் படிகாரம் (சாயத்தை இழையில் பிடித்துவைக்கும் உப்பு) கரைத்து, நூலைப் போட்டு, ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு மெதுவாக 85 டிகிரிக்கு ஏற்றி, ஒரு மணி நேரம் வைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிடுங்கள். அவசரப்பட்டுச் சூட்டிலிருந்து குளிர்ந்த நீருக்கு மாற்றினால் நூல் திரண்டு கெட்டியாகிவிடும். பிறகு மஞ்சிட்டி வேர் போட்ட சாயத் தொட்டியில் வெப்பம் 70 டிகிரியைத் தாண்டாமல் பாருங்கள். தாண்டினால் வேரிலுள்ள பழுப்புச் சாயம் வெளியேறிச் செங்கல் நிறத்துக்கு இழுத்துவிடும். பருத்திக்கும் லினனுக்கும் படிகாரம் நேரடியாகப் பிடிக்காது. முதலில் நூல் எடையில் 15 முதல் 20 சதவீதம் கடுக்காய்ப் பொடியில் ஊறவைத்து, அதன் துவர்ப்புச் சத்து ஏறியபின் படிகாரம் கொடுக்க வேண்டும். நிறத்தைக் கருக்க அன்னபேதி (இரும்பு உப்பு) சேர்ப்பவர்கள் 2 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இரும்பு இழையை வருடக்கணக்கில் அரிக்கும். பழைய துணிகளில் கறுப்புக் கோடுகள் மட்டும் உதிர்ந்து சல்லடையாக நிற்பதற்கு அதுவே காரணம். குரோமும் வெள்ளீய உப்பும் வேண்டாம்.

இயற்கைச் சாயத்தில் உள்ள நிஜமான தொல்லை லாட் வேறுபாடு. ஒரு தொட்டி நூலும் அடுத்த தொட்டி நூலும் ஒரே நிறமாக வராது. இதற்கு நெசவாளர்களிடம் பழைய வழி உண்டு: மூன்று தொட்டி நூலை மூன்று கண்டுகளில் வைத்து, ஊடையில் ஒன்று மாற்றி ஒன்று ஓட்டுங்கள். வேறுபாடு பட்டையாகத் தெரியாது, துணிக்கு ஆழமாகத் தெரியும். ஒரு பத்தாண்டு கழித்து அதே நிறத்தில் மறுபடி வேண்டும் என்று கேட்கும் ஓட்டல் சங்கிலிக்கு இயற்கைச் சாயத்தை வாக்குறுதி தராதீர்கள். அவர்களுக்கு, கரைசல் நிலையிலேயே நிறமேற்றிய இழையோ சாயமே போடாத கம்பளியோ பொருந்தும். கம்பளி இயற்கையிலேயே வெண்மை, சாம்பல், பழுப்பு, கருமை என வருகிறது; அவற்றைக் கலந்து நூற்றாலே எட்டுப் பத்து நிறச்சாயல் கிடைக்கும், சாயக்கழிவு ஒரு சொட்டும் இல்லை. அதே கலப்பு நூல் கறையையும் மறைக்கும். பருத்தியில் வேதிச்சாயம் என்றால் ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பங்கு இழையில் பிடிக்காமல் கழிவில் போகும், கூடவே அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பும் போகும். ஆலையிடம் கேட்க வேண்டிய கேள்வி, சாயத்தின் பெயரைவிட அந்த உப்புத்தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான்.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் கெடுத்துக்கொள்வதுதான் அதிகம். சோபாவில் இழுத்துக் கட்டுவதற்காக லினனின் பின்னால் அக்ரிலிக் பூச்சு பூசினால் அதன்பின் அது லினன் துணி இல்லை, பிளாஸ்டிக்கோடு ஒட்டிய லினன். மக்காது, பிரிக்கவும் முடியாது. பூச்சு இல்லாமல் நிற்கும் அளவுக்கு நெருக்கமாக நெய்யச் சொல்லுங்கள், அல்லது தனிப் பருத்தித் துணியை அடியில் வைத்துத் தையுங்கள். கறை ஒட்டாத பூச்சு என்றால் பெரும்பாலும் ஃப்ளோரின் சேர்மம், அதாவது பிஎஃப்ஏஎஸ். அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏ 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கலிபோர்னியாவில் 2025 சனவரி முதல் இந்தக் குடும்பத்தையே வேண்டுமென்று சேர்த்த புது வீட்டுத் துணிகளை விற்க முடியாது. பூச்சு எப்படியும் உராய்வில் போய்விடும். இடைநிலை நிறம், கலப்பு நூல், கழற்றும் உறை ஆகியவை கறைக்கு அதைவிட நல்ல மருந்து.

தீப்பாதுகாப்பில் மட்டும் சமரசம் கிடையாது, விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் வேலை நடக்கும் இடத்தின் விதியை அங்குள்ள சோதனைக்கூடத்திடமே உறுதிப்படுத்துங்கள், என் பதிலை வைத்து முடிவெடுக்காதீர்கள். பொதுவாகத் தெரிந்தது இவ்வளவு: காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், பருத்தி சுமார் 18 சதவீதத்திலேயே எரியும், கம்பளிக்குச் சுமார் 25 வேண்டும். அதனால் கனமான கம்பளித் துணி பல சோதனைகளை ரசாயனம் இல்லாமலே தாண்டக்கூடும். பிரிட்டனின் 1988 விதிகளில், குறைந்தது 75 சதவீதம் பருத்தி, லினன், கம்பளி, பட்டு போன்ற இழை உள்ள மேலுறைக்குத் தீ தடுக்கும் உள்விரிப்பு வைத்து, மேல்துணிக்குத் தீக்குச்சிச் சோதனையிலிருந்து விலக்குப் பெற வழி உண்டு. ஓட்டல் திரைகளுக்கு, மூலக்கூறிலேயே தீத்தடுப்பு சேர்ந்த பாலியஸ்டர் நியாயமான தேர்வு. சலவையில் அது கரைந்து போவதில்லை.

டிசைன் மேசையிலேயே மிச்சம் பிடிக்கும் ஓர் இடம் ரிப்பீட், அதாவது டிசைன் ஒரு முறை முடிந்து மறுபடி தொடங்கும் நீளம். திரை உயரம் 3 மீட்டர், மேலும் கீழும் மடிப்புக்கு 30 சென்டிமீட்டர், ஆக ஒரு துண்டுக்கு 330 வேண்டும். ரிப்பீட் 64 சென்டிமீட்டர் என்றால் ஐந்து ரிப்பீட் 320, போதாது. ஆறு எடுத்தால் 384. துண்டுக்கு 54 சென்டிமீட்டர் வீண், எட்டுத் துண்டுக்கு 4 மீட்டர் 32 சென்டிமீட்டர். அதே டிசைனை 66-க்கு இழுத்தால் ஐந்து ரிப்பீட் சரியாக 330. ஆனால் அலசி முடித்தபின் துணி ஒன்றிரண்டு சதவீதம் சுருங்கினால் மறுபடி பற்றாமல் போகும்; எனவே தறியில் 68 வைத்து, முடித்த துணியில் 67 வந்தால் நிம்மதி. பெரிய வேலைகளில் இந்தக் கணக்கு மிச்சப்படுத்துவது, இழை மாற்றுவதைவிட அதிகமாக இருக்கும்.

சான்றிதழ்களில் ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 முடிந்த பொருளில் தீங்கான வேதிப்பொருள் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறது. ஆர்கானிக்கா, ஆலைக் கழிவுநீர் எப்படி என்று சொல்வதில்லை. ஜிஓடிஎஸ் (ஆர்கானிக் துணிக்கான உலகத் தரம்) முத்திரையில் "ஆர்கானிக்" என்று எழுத 95 சதவீதம், "ஆர்கானிக் இழை கலந்தது" என்று எழுத 70 சதவீதம் வேண்டும். பதப்படுத்தும் கட்டங்களையும் அது பார்க்கிறது. ஜிஆர்எஸ் (மறுசுழற்சிப் பொருளுக்கான உலகத் தரம்) முத்திரைக்கு மறுசுழற்சிப் பங்கு 50 சதவீதம். விற்பனையாளர் காட்டுவது பெரும்பாலும் ஆலையின் தகுதிச் சான்று. அந்த ஆலையால் அப்படிச் செய்ய முடியும் என்பதுதான் அதன் பொருள். உங்கள் ரோலுக்கு உரியது பரிவர்த்தனைச் சான்று. அதில் எடை, பில் எண், தேதி இருக்கும். உங்கள் ஆர்டரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இதுவரை சொன்னதில் சோதனை எண்களும் சாய வேதியியலும் உறுதியானவை. இழைகளை ஒப்பிட்டு ஒரே மதிப்பெண் தரும் பட்டியல்கள் அப்படி இல்லை. எல்லையை எங்கே வரைகிறார்கள், எத்தனை வருட உபயோகம் என்று வைத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தரவரிசையே தலைகீழாகும். இழைகளுக்கு இப்படி மதிப்பெண் தரும் ஹிக் குறியீட்டை நுகர்வோருக்கான விளம்பரத்தில் பயன்படுத்துவது தவறாக வழிநடத்தும் என்று 2022-இல் நார்வேயின் நுகர்வோர் ஆணையம் சொன்னது இந்த அடிப்படையில்தான். நுண்ணிழை உதிர்வு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் துவைக்கும் ஆடைகளைப் பற்றியவை. துவைக்காத சோபா துணிக்கு அந்த எண்களை அப்படியே எடுத்துப் போட முடியாது. "மக்கும்" என்ற சொல்லையும் சாயம், பூச்சு, தையல் நூல், ஜிப் எல்லாம் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். 1990-களில் சுவிட்சர்லாந்தின் ரோனர் ஆலை கம்பளியும் ராமி என்ற செடி இழையும் கலந்து ஓர் இருக்கைத் துணி செய்தபோது ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களைக் கழித்துக்கட்டி, தேறியவற்றை மட்டும் பயன்படுத்தியது. வெட்டுத்துண்டுகள் தோட்டத்தில் மூடாக்காகப் போயின. அந்த அளவுக்கு வடிகட்டாமல் மக்கும் என்று அட்டையில் அச்சடிக்க வேண்டாம்.

உங்கள் நைந்த சோபாவுக்கு: சட்டமும் மெத்தையும் நன்றாக இருந்தால் உறையை மட்டும் கம்பளியில் மாற்றுங்கள், பசையோ ஸ்டேபிளோ இல்லாமல் ஜிப்போடு. இருக்கைக் குஷன் இரண்டு பக்கமும் ஒரே துணியாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருப்பிப் போடலாம், தேய்மானம் இரண்டாகப் பிரியும். ஒரே லாட்டில் ஒன்றரை மீட்டர் கூடுதலாக வாங்கி, மடிக்காமல் சுருட்டி, வெளிச்சம் படாத இடத்தில் வாடிக்கையாளரிடமே கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். ரோலின் உள்ளே இழை விவரம், லாட் எண், துவைக்கும் முறை எழுதிய துணி லேபிளைத் தைத்துவிடுங்கள். முதலில் தேய்வது இருக்கையின் முன்விளிம்பும் கையின் மேற்பகுதியும்தான். ஒரு மூவர் சோபாவில் அந்தப் பாகங்களை மட்டும் மாற்ற அந்த ஒன்றரை மீட்டர் பெரும்பாலும் போதும்.